படகுத்துறைக்கு அடியில் ஒலிம்பஸ் டிஜி-6: டார்ச் இல்லாமல் வாங்காதீர்கள்

மெல்பர்னுக்குத் தெற்கே ப்ளேர்கவ்ரி, ஃப்ளிண்டர்ஸ் படகுத்துறைகளுக்கு அடியில் மூன்று வருடமாக இந்தக் கேமராவோடுதான் இறங்குகிறேன். ஆழம் பெரும்பாலும் ஆறு மீட்டரைத் தாண்டாது, அதனால் முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டர் ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வரும், அந்த நேரம் முழுக்க இரண்டு மூன்று தூணைச் சுற்றிச் சுற்றியே போய்விடும், அவ்வளவு உயிர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாங்க ஒரே காரணம் போதும்: மைக்ராஸ்கோப் மோடு. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதைக்கூட ஃபோகஸ் பண்ணும். போன மாதம் ஒரு தூணில், கடற்பஞ்சின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது ஓடில்லாத கடல் நத்தை ஒன்று. அரிசி மணி அளவுதான், வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால், தலையில் இரண்டு கொம்பு, கொம்பு முழுக்க அடுக்கடுக்காக மடிப்பு, முதுகில் பூ விரிந்த மாதிரி செவுள். அன்று ராத்திரி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேமராவின் சொந்த ஃப்ளாஷை நம்பாதீர்கள். அவ்வளவு நெருக்கத்தில் ஹவுஸிங்கின் (கேமராவைப் போட்டு மூடுகிற நீர் புகாத பெட்டி) முன்பக்கமே வெளிச்சத்தை மறைத்துப் பாதிப் படம் இருட்டாகிவிடும். கொஞ்சம் தள்ளி எடுத்தாலோ தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் பனி கொட்டுகிற மாதிரி வெள்ளை வெள்ளையாக விழும். பக்கவாட்டில் நீளும் கைப்பிடியில் ஒரு நல்ல வீடியோ டார்ச் மாட்டிய பிறகுதான் எனக்குப் படம் என்று சொல்லும்படி கிடைத்தது.

ஹவுஸிங் அவசியமா என்று கேட்பவர்களுக்கு: கேமரா தனியாகவே 15 மீட்டர் தாங்கும், ஹவுஸிங்கோடு 45. ஆழத்துக்காக இல்லை, பாதுகாப்புக்காக வாங்குங்கள். ஒருநாள் அவசரத்தில் ஹவுஸிங்கில் நீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஓ ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்ததைப் பார்க்காமல் மூடிவிட்டேன், உள்ளே இரண்டு ஸ்பூன் உப்புத்தண்ணீர். கேமராவுக்குள்ளேயும் நீர் புகாது என்பதால் தப்பித்தது, வேறு கேமராவாக இருந்தால் அன்றோடு போயிருக்கும்.

குறை என்றால், ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடியாது. ஃப்ளிண்டர்ஸில் அலையோடு சேர்ந்து ஆடுகிற கடல் டிராகனை (கடற்குதிரையின் உறவான மீன்) எடுக்கும்போது இது உறுத்தும், பத்தில் ஏழு படம் கலங்கிவிடும். இந்த மீனில் ஆண்தான் வாலுக்கு அடியில் ரோஸ் நிற முட்டைகளைச் சுமந்து திரியும். அதைப் பார்த்தால் தயவுசெய்து டார்ச்சை முகத்தில் அடித்துக்கொண்டு துரத்தாதீர்கள், இரண்டு படம் எடுத்துவிட்டு விலகிவிடுங்கள்.

2023இல் டிஜி-7 வந்துவிட்டது. அதே 12 மெகாபிக்சல், இதே ஹவுஸிங்கில் உட்காரும். அதனால் கையில் காசு குறைவென்றால் பழைய டிஜி-6 ஒன்றைப் பிடித்து, மிச்சத்தை டார்ச்சில் போடுங்கள். அப்புறம், பழையது வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து சுற்றியிருக்கும் ரப்பரில் வெடிப்பு, உப்புப் படிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.