மலைமேல் நிற்கும் பழைய ரேடார்: ஓட்டுவதா, உள்ளே மாற்றுவதா, புதிதாக நிறுத்துவதா?

ரேடாருக்கு வயதாகிவிட்டால் மூன்று வழிகள்தாம் பேசப்படுகின்றன. இருக்கும் கருவியையே வால்வு (மின்னலைகளைக் கையாளும் பழைய வகை வெற்றிடக் குழாய்) மாற்றி, உதிரி தேடி ஓட்டுவது முதல் வழி. ஆன்டெனாவையும் அதைச் சுழற்றும் மேடையையும் வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், சிக்னல் பிராசஸர் ஆகியவற்றை மட்டும் புதிதாக்குவது இரண்டாவது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புது ரேடார் நிறுத்துவது மூன்றாவது. கிருஷ்ணகிரியில் முன்னாள் படைவீரர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியோ வந்துவிடும். பெங்களூரு 90 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸும் டி.ஆர்.டி.ஓ.வின் எல்.ஆர்.டி.இ. ஆய்வகமும் உருவாக்கும் புது ரேடார்களின் மீதே பலருக்கும் கண். விமானப்படையில் ரேடார் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றுப் பர்கூருக்குத் திரும்பிய நான், பழுது விழுந்த இரவில் மலைமேல் இருப்பவன் கையில் என்ன இருக்கும் என்பதை வைத்தே இந்த மூன்றையும் எடை போடுகிறேன்.

பழையதை அப்படியே ஓட்டும் வழியை இளைஞர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. ஆனால் அந்தக் கருவியைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ரேடார் அலையை ஆன்டெனாவுக்குக் கொண்டுசெல்லும் உலோகக் குழாயான வேவ்கைடுக்குள் ஈரம் புகுந்தால் மின்பொறி பறக்கும் என்பதால் உலர்ந்த காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் நாங்கள் காலையில் முதலில் பார்ப்பது கண்ணாடிக் குடுவையிலுள்ள சிலிக்கா ஜெல் மணிகளைத்தான். நீலமாக இருந்தால் நிம்மதி. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அவற்றைச் சூடேற்றிக் காயவைத்து மீண்டும் கொட்ட வேண்டும். ஒருமுறை ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டார் எரிந்தபோது, மாற்று மோட்டார் வர எத்தனை வாரமாகும் என்று சொல்ல ஆளில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவதைச் சிறுவயதிலேயே எங்கள் ஊரில் பார்த்துப் பழகியிருந்ததால், பழைய சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அனுமதி பெற்று, மலையடிவாரத்துக் கடையில் கட்டி வாங்கிவந்தோம்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து திடீர் நிறுத்தத்தில் இல்லை, மெல்லத் தேய்வதில் இருக்கிறது. ரேடார் எட்டும் தூரம் அனுப்பும் ஆற்றலின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அந்த அலையை உண்டாக்கும் வால்வான மேக்னட்ரான் தளர்ந்து ஆற்றல் பாதியானால், 400 கிலோமீட்டரில் ஓர் இலக்கைக் காட்டிய கருவி அதையே 336 கிலோமீட்டரில்தான் காட்டும். அதோடு ரிசீவரின் இரைச்சலும் இரு மடங்கானால் அது 283 ஆகிவிடும். கண்காணிக்கும் பரப்பு அப்போது பாதிதான். திரையில் புள்ளிகள் வந்துகொண்டிருப்பதால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது, அளந்து குறிக்கும் ஒழுக்கம் உள்ள நிலையத்தில் மட்டுமே தெரியும். இருப்பு வால்வும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த மேக்னட்ரானில் உள்ளேயே வாயு கசிந்திருக்கும், மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்காமல் முழு அழுத்தம் கொடுத்தால் மின்பொறி பறந்து கெட்டுப்போகலாம். உதிரிக்காக இன்னொரு ரேடாரை உரிக்கத் தொடங்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்றே கொள்ளலாம், ஏனென்றால் இரண்டிலும் தேய்வது பெரும்பாலும் அதே பாகம்தான்.

உள்ளே மட்டும் மாற்றும் வழிக்கு நல்ல சான்று சோவியத் பி-18. 1970களின் தொடக்கத்தில் வந்த, மீட்டர் கணக்கில் நீண்ட அலையில் இயங்கும் இந்த ரேடாரின் உள்ளுறுப்புகளை உக்ரைன், லித்துவேனியா போன்ற நாடுகள் வால்விலிருந்து திண்மநிலை (டிரான்சிஸ்டர்) சுற்றுகளுக்கு மாற்றின. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை வீழ்த்திய படைப்பிரிவிடம் இருந்ததும் பி-18தான். ரேடாருக்குப் புலப்படாதபடி வடிவமைத்த விமானம் நீண்ட அலைக்கு முழுதாக மறைவதில்லை என்பதால், பழைய அலைவரிசைக்கு இன்னும் மதிப்பு உண்டு. திண்மநிலை டிரான்ஸ்மிட்டரில் பல சிறு மாடியூல்கள் சேர்ந்து ஆற்றல் தருவதால் ஒன்றிரண்டு செத்தாலும் ரேடார் நிற்காது, காலையில் மாற்றிக்கொள்ளலாம். பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும் அலமாரிக்குள் தேங்கிய மின்சாரத்தை இறக்கும் டிஸ்சார்ஜ் ராடைப் பிடித்துக்கொண்டு கையை நுழைக்கும் வேலையும் குறையும், அதை நான் சிறிய லாபமாகக் கருதவில்லை. குறை என்னவென்றால், சுழல்மேடையின் பல்சக்கரமும், சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங்கும் பழையவையாகவே இருக்கும்.

புது ரேடார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணமும் சாலையும் இருந்தால் அதுவே சிறந்தது. வட துருவப் பகுதியில் 1957இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்க, கனடிய ரேடார் வரிசையின் இடத்தில் பின்னர் வந்த அமைப்பில், கனடாவின் 47 நிலையங்களும் ஆளில்லாமலே இயங்கின. ஆனால் 1980களில் வந்த அந்த நெடுந்தூர ரேடார்களுக்கே, கிடைக்காமல் போகும் பாகங்களை மாற்றித்தர லாக்ஹீட் மார்ட்டினுக்கு 2011இல் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியதாயிற்று. கணினிப் பலகைகளுக்கும் வயதாகும், அவற்றுக்குக் காயில் கட்ட எந்தக் கடையும் இல்லை.

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழி. ஆன்டெனாவின் தாங்குசட்டம் துருப்பிடித்து வளைந்திருந்தால் மட்டும் மூன்றாவதுக்குப் போகலாம். முதல் வழியை மாற்றுக் கருவி வந்து சேரும்வரை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். மிஞ்சும் சக்கர வேலைக்கு நம் பக்கத்திலேயே கைகள் உண்டு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று. அங்கே பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். "வெட்டுறது பெரிய வேலை இல்ல மாமா, வரைபடமும் எந்த இரும்புன்னும் எழுதிக் கொடுங்க. உடைஞ்ச பல்லை மட்டும் கொண்டாந்தா நான் யூகிச்சுத்தான் வெட்டணும்" என்றான். உள்ளே மாற்றித்தரும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில், சுற்று வரைபடங்களோடு அந்தப் பல்சக்கரத்தை அளந்து வரைந்து தரும் வேலையையும் முதல் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்வேன்.