பன்றி முடி பிரஷ் என்று நைலானை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

'நூறு சதவீதம் அசல் பன்றி முடி, மரக் கைப்பிடி, எல்லா வகை முடிக்கும் ஏற்றது, சிக்கு விழாது.' இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். 1,299 ரூபாய் கொடுத்து என் மகளுக்கு வாங்கினேன். அவளுக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சிக்கு எடுப்பதற்குள் அவளும் அழுது எனக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

வந்த அட்டைப் பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை, எம்ஆர்பியும் இல்லை. பாக்கெட் பொருளில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சீவினால் பிரஷ் மேல் முடியைத்தான் தடவிக்கொண்டு போகிறது, அடியில் சிக்கு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் அழுத்திச் சீவியதும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குச்சிகளின் நுனியில் இருந்த குண்டுகள் கழன்று முடிக்குள் சிக்கிக்கொண்டன. குண்டு போன குச்சியின் நுனி கூர்மையாக இருந்ததால் காதுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கீறல். குழந்தை தலை அது, எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

சந்தேகம் வந்து அந்த 'பன்றி முடியில்' ஒன்றைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியாக ஒரு உருண்டை. அசல் முடி உருகாது, முடி கருகும் நாற்றம் அடிக்கும், கரிந்த இடத்தை விரலால் தேய்த்தால் பொடியாகும். இது சுத்த நைலான்.

சரி, அசலாகவே இருந்திருந்தாலும் என் மகளுக்கு அது ஆகாது. பன்றி முடி பிரஷ் தலையில் ஊறும் எண்ணெயை நுனிவரை இழுத்துக்கொண்டு போகும், மெல்லிய நேர் முடிக்கு அருமையாக இருக்கும், அடர்ந்த சுருட்டைக்குள் அது இறங்கவே இறங்காது. சுருட்டைக்குப் பெரிய பல் சீப்புதான், அதுவும் கண்டிஷனர் போட்ட ஈரத் தலையில் நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே வர வேண்டும். நேர் முடிக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம், ஈர முடி சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும், ஓரளவு காய்ந்தபின் சீவுங்கள். ஆக 'எல்லா வகை முடிக்கும்' என்று எழுதியிருந்தாலே அவர்களுக்கு முடியைப் பற்றி அக்கறை இல்லை என்றுதான் அர்த்தம். பிளாஸ்டிக் சீப்பு வாங்கும்போது பல்லின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், அச்சில் வார்த்த கோடு நகத்தில் தட்டுப்பட்டால் அது முடியையும் உரசிக் கெடுக்கும்.

திருப்பி எடுக்கச் சொன்னால், 'சுகாதாரப் பொருள், பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது' என்கிறார்கள். 2020 மின் வணிக விதிகளின்படி விளம்பரத்தில் சொன்னதுபோல இல்லாத பொருளையும் போலியையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைச் சொன்னதும் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள், அப்புறம் பேச்சே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். பெட்டி, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உருகிய நைலானின் போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தை அவர்கள் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள்.

புகார் போனபிறகு விற்றவரே கூப்பிட்டு, நான் போட்ட ரிவியூவை எடுத்தால் பணம் தருவதாகச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.