அந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கோர்ஸ்: மூன்றாவது பாடத்திலிருந்து பாருங்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் அணிகளின் தாக்குதல் திட்டங்களைக் கல்லூரி வீரர்களுக்கு எப்படிச் சுருக்கிக் கொடுப்பது என்று சொல்லித்தரும் ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கினேன், பெயர் வேண்டாம். முதல் இரண்டு பாடமும் சுத்த அறுவை. மூன்றாவதில்தான் சூடு பிடிக்கிறது. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி, அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. அதற்குள், பாஸ் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவரின் ஓட்டத்தையும் தனித்தனியாக அடுக்கும் ரயில் நீள ஆட்டப் பெயர்களை மனப்பாடம் பண்ணச் சொன்னால், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் திருதிருவென்றுதான் முழிப்பான். அதனால் மூன்று ரிசீவர்களின் ஓட்டத்தையும் ஒரே சொல்லில் அடக்கி, அப்புறம் அதையே வேறு வேறு அணிவகுப்பிலிருந்து ஆட வைப்பது எப்படி என்று கோர்ஸ் நடத்துபவர் பலகையில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து காட்டுகிறார் பாருங்கள், அட்டகாசம்.

2019-இன் எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக) அணியையும் நன்றாக அலசுகிறார். என்எஃப்எல் அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து பயிற்சியாளர் ஜோ பிரேடி வந்து சேர்ந்த வருடம் அது. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ வீசியது 60 டச்டவுன் (புள்ளி தரும்) பாஸ், அணி ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி.

ஆனால் பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை மடக்க எதிரணி கூடுதல் ஆட்களைப் பாய விடுவது) வந்தால், அவனைக் காக்கும் முன்வரிசை லைன்மேன்கள் யார் யாரைத் தடுப்பது என்பதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. பையன்கள் திணறுவதே அங்கேதானே? விலைக்கு இது பெரிய ஓட்டை. ஒலியும் சுமார், ஹெட்போன் இல்லாமல் முடியாது.