இரண்டு டிக்கெட்டை ஒரே டிக்கெட் என்று விற்கிறார்கள், வேலூர் பக்கத்துப் பெற்றோர்களே கவனம்

மகளின் பிரசவத்துக்காக நானும் என் வீட்டுக்காரரும் மார்ச் மாதம் சிகாகோ கிளம்பினோம். எனக்கு வயது 63, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீடு சத்துவாச்சாரியில். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் வேலூரிலேயே கடை வைத்திருக்கும் ஏஜென்ட். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை.

மற்ற இடங்களில் கேட்டதைவிட ஆளுக்கு 17,000 ரூபாய் குறைவாகச் சொன்னார். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாற வேண்டும், நடுவில் 5 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றார். முதல் விமானத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் யோசனை. "இது வேற கம்பெனி மாதிரி இருக்கேப்பா" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான்மா, பெட்டி நேரா சிகாகோ போயிடும், வீல்சேரும் போட்டுட்டேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பிப் பணத்தைக் கட்டினோம். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றவர், கடைசி வரை தரவே இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலுக்குப் பயந்து ராத்திரியே காரில் கிளம்பிவிட்டோம். சிக்கல் சென்னைக் கவுன்ட்டரிலேயே தொடங்கியது. அமெரிக்க விமானங்களில் பொதுவாக ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்று கணக்கு. அதை நம்பித்தான் நான்கு பெட்டி கட்டியிருந்தோம். முதல் விமானமோ குறைந்த கட்டணக் கம்பெனி. ஆளுக்கு மொத்தமே 30 கிலோதான். ஒரு பெட்டியைக் கார் டிரைவரிடமே திருப்பி அனுப்பினோம். மகளுக்காக நான் கிளறிய பிரசவ லேகியமும், குழந்தைக்குத் துவைத்து மடித்து வைத்திருந்த பழைய பருத்திப் புடவைகளும் அதில்தான் இருந்தன. மிச்சம் 9 கிலோவுக்குத் தனியாகப் பணம் கட்டினோம். வீல்சேரும் அந்த டிக்கெட்டில் போடப்படவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண், "மேடம், பெட்டிக்கு விமானம் மாறுற ஊர் வரைக்கும்தான் டேக் போட முடியும், அங்க இறங்கி எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும்" என்று சொன்னபோதுதான், எங்கள் கையில் இருப்பது ஒரு டிக்கெட் அல்ல, சம்பந்தமே இல்லாத இரண்டு டிக்கெட் என்று புரிந்தது.

விமானம் 3 மணி 20 நிமிடம் தாமதம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டரை மணி முதல் 5 மணி நேரம் வரையிலான பயணத்தில், தாமதம் 3 மணி நேரத்தைத் தாண்டினால் சிற்றுண்டியோ சாப்பாடோ தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதியே இருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. நல்லவேளை, கையில் புளிசாதம் இருந்தது.

இறங்கிய இடத்தில் பெட்டியை எடுக்க இமிக்ரேஷன் தாண்டி வெளியே போக வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். எங்களிடம் அமெரிக்க விசா இருந்ததால் பணம் கட்டி அங்கேயே வாங்க முடிந்தது. வரிசையில் நின்று, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, நான் காலை இழுத்து இழுத்து அடுத்த கவுன்ட்டருக்குப் போய்ச் சேரும்போது விமானம் கிளம்ப 35 நிமிடம் இருந்தது. கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. எங்கள் கணக்கில் 'நோ ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று பதிந்துவிட்டது. போகும் பயணத்தை விட்டால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் ரத்தாகும் என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நிறைமாதத்தில் இருந்த மகள், அங்கே நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து எங்களுக்குப் புது டிக்கெட் எடுத்தாள். போகவர இரண்டு பேருக்கும் சேர்த்து 2,90,000 ரூபாய். மிச்சம் பிடித்ததாக நினைத்தது 34,000. அடுத்த விமானத்துக்கு 19 மணி நேரம் நாற்காலியிலேயே கிடந்தோம். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

திரும்பி வந்தது ஆகஸ்டில், மகள் எடுத்த ஒரே டிக்கெட்டில். சிகாகோவில் விமானம் தாமதமாகி, அதே வளைகுடா ஊரில் சென்னை விமானத்தைத் தவறவிட்டோம். விமான வாசலிலேயே எங்கள் பெயரெழுதிய அட்டையுடன் ஒருவர் வீல்சேரோடு நின்றார். புது போர்டிங் பாஸ், தங்க ஓட்டல், சாப்பாட்டுக்குக் கூப்பன் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். ஒரு பெட்டி மட்டும் சென்னைக்கு வரவில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் கவுன்ட்டரில் எழுதிக்கொடுத்துப் புகார்ச் சீட்டு வாங்கினோம். மூன்றாம் நாள் பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

எந்த விமானத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும், எதில் சீட் வசதி என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே பி.என்.ஆர்.தானா, ஒரே டிக்கெட்தானா என்று பாருங்கள். இ-டிக்கெட் எண்ணில் 13 இலக்கம் இருக்கும். முதல் மூன்று, டிக்கெட் கொடுத்த கம்பெனியைக் குறிக்கும். போகும் வழியில் இரண்டு விமானத்துக்கும் வேறு வேறு எண் இருந்தாலோ, ஒன்றுக்கு எண்ணே இல்லாவிட்டாலோ ஏஜென்டிடம் கேளுங்கள். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்', அதாவது பெட்டியை எடுத்து அடுத்த விமானத்துக்கு மாறுவது நம் பொறுப்பு என்ற வார்த்தை, எங்கள் தாளிலும் இருந்தது, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். கேட்கப் போனபோது அதைத்தான் ஏஜென்ட் விரலால் காட்டினார்: "போட்டிருக்கேம்மா, நீங்கதான் படிக்கல." என் வயதுக்காரியிடம் அப்படிப் பேச அவருக்கு எப்படி மனம் வந்ததோ.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். ஏஜென்ட் பதிலே சொல்லவில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத எனக்கு, வங்கிக் கணக்கில் பணம் போன பதிவும் ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும்தான் ஆதாரம். வீல்சேர் போட்டுவிட்டதாக அவர் அனுப்பிய குரல்பதிவும் அதில் இருக்கிறது. அழிக்காமல் வைத்திருந்தேன்.

ஏற்கெனவே இப்படி இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டவர்கள், வீல்சேருக்கு இரண்டு கம்பெனியையும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், கிளம்ப இரண்டு நாளைக்கு முன்பாவது. இரண்டில் எது குறைவாக எடை அனுமதிக்கிறதோ அந்த அளவுக்குள் பெட்டி கட்டுங்கள். மாறும் ஊரின் விசா விதியையும் பார்த்துவிடுங்கள். தாளைப் படித்துப் புரியாவிட்டால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.