ஓவர்ஹாலுக்கு 17,600 வெள்ளி (ரிங்கிட்). கோளாறோ ஒரு ரப்பர் ஹோஸில்: லோரி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நம்பிப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இன்ஜின் முடிஞ்சு போச்சு" என்று ஒரு பட்டறையில் சொன்னால், ஸ்பேனர் வைக்க விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை இங்கே போட மாட்டேன். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று 2007-ல் பெயர் மாறினாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான். தோட்டத்தில் வெட்டிப் போடும் குலைகளை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை. லோரி 2013-ல் வாங்கிய இசுசு என்பிஆர். ஒரே லோரி, அது நின்றால் வீட்டில் வருமானம் நின்றது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் பாரம் ஏற்றினால் லோரி இழுக்கவில்லை. ஆலைக்குள் இறக்கும் மேட்டில் ஏறும்போது பின்னால் கறுப்புப் புகை கக்கியது. காலி லோரியாக ஓட்டினால் அவ்வளவாகத் தெரியாது. எண்ணெய் குறையவில்லை, தண்ணீர் குறையவில்லை, காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. இதெல்லாம் நல்ல இன்ஜினுக்கான அடையாளம் என்று இன்று தெரிகிறது. அன்று பயம்தான் முந்திக்கொண்டது.

ஊருக்குப் பக்கத்துப் பட்டறைக்கு விட்டேன். தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, பத்து நிமிடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தார். எண்ணெய் மூடியைக் கழற்றி, லேசாக வந்த ஆவியைக் காட்டி, "அண்ணே, 412,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு, ரிங் போச்சு. இப்ப வர்ற பயோ டீசல் நோசலைத் தின்னுடும். முழுசா இறக்கிடலாம்" என்றார். நோசல் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை. சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரெஷன் பார்க்கவில்லை, ஸ்கேனர் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

17,600 வெள்ளி. மனைவி போட்டிருந்த கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்து, மச்சானிடம் மீதியை வாங்கிக் கட்டினேன். இன்வாய்ஸில் பிரித்து எழுதியிருந்தார்கள்: புதிய நோசல் நான்கு 5,800, லைனர் பிஸ்டன் ரிங் செட் 4,600, பேரிங் கேஸ்கெட் வகையறா 3,200, கூலி 4,000. இப்படிப் பிரித்து எழுதச் சொன்னது என் மனைவி. அந்த ஒரு காகிதம்தான் பிறகு என்னைக் கொஞ்சமாவது காப்பாற்றியது.

லோரி 19 நாள் கழித்து வந்தது. முதல் நடையிலேயே அதே மேட்டில் அதே கறுப்புப் புகை. "புது ரிங், செட் ஆகணும்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். ஓட்டினேன். ஆறு வாரத்தில் கறுப்போடு நீலப் புகையும் சேர்ந்துகொண்டது. வாரத்துக்கு 3 லிட்டர் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. ஓவர்ஹாலுக்கு முன்னால் சொட்டு எண்ணெய் கேட்காத இன்ஜின் அது.

இங்கே இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழியை அதன்மேல் போட்டுத்தான் என்னை ஏமாற்றினார்கள். இதன் பெயர் 4எச்கே1. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 115 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 125 மில்லிமீட்டர், மொத்தம் 5,193 சிசி. இதே அளவில் ஆறு சிலிண்டர் வைத்தால் 7,790 சிசி. அதுதான் பெரிய லோரிகளிலும் ஹிட்டாச்சி மண்வாரி இயந்திரங்களிலும் இருக்கும் 6எச்கே1. டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் கியர். சிலிண்டருக்குள் தனி லைனர் இருப்பதால், தேய்ந்தாலும் பிளாக்கைத் தூக்கி எறியாமல் லைனரை மாற்றிக்கொள்ளலாம். பல காலம் ஓட்டி, பழுது பார்த்து, மறுபடி ஓட்டுவதற்கென்றே செய்த இன்ஜின்.

அமெரிக்காவில் விற்கும் லோரிகளில் இந்த இன்ஜினுக்கு இசுசு 375,000 மைல் பி10 ஆயுள் என்று சொல்கிறது. நூறு இன்ஜின் இருந்தால் தொண்ணூறாவது பெரிய ஓவர்ஹால் இல்லாமல் அந்தத் தூரத்தைத் தாண்டும் என்று அர்த்தம். கிலோமீட்டரில் 600,000-க்குக் கொஞ்சம் மேல். தோட்டத்துச் செம்மண் தூசியும் நாம் ஏற்றும் பாரமும் அமெரிக்காவில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரத்துக்கு எண்ணெயும் ஏர் ஃபில்டரும் மாற்றி வந்த இன்ஜினை, 412,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து யாரும் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பி10 என்ற பெயரில் இன்னொன்றும் உண்டு; தவுக்கே பயமுறுத்தியது அதை வைத்துத்தான். நம் பம்புகளில் 2019 முதல் வரும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. நாம் ஏற்றிப்போகும் குலையிலிருந்து வருவது. அது ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். அதனால் டீசல் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், வாட்டர் செப்பரேட்டரில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் வடிக்க வேண்டும். சோம்பல்பட்டால் நோசலுக்குக் கேடுதான். அதற்காக நான்கு நோசலும் ஒரே வாரத்தில் போய்விட்டது என்று சோதிக்காமலே சொல்வது பொய்.

நோசல் விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த இன்ஜினின் காமன் ரெயில் முறையில் டீசல் ஒரு பொதுக் குழாயில் 1,600 பார் அளவு அழுத்தத்தில் காத்திருக்கும். லோரி டயரில் நாம் அடிக்கும் காற்று 7 பார்தான். கம்ப்யூட்டர் கட்டளை கொடுத்ததும் நோசல் கண் இமைப்பதற்குள் பல தடவை திறந்து மூடும். டென்சோ நிறுவனம் இதை 1995-லேயே ஹினோ லோரியில் கொண்டுவந்துவிட்டது. இவ்வளவு அழுத்தத்தில் ஒரு நோசலுக்கும் இன்னொன்றுக்கும் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் டீசல் அளவு மாறும். அதனால்தான் ஒவ்வொரு நோசலின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த 24 இலக்கக் குறியீடு பொறித்திருப்பார்கள். நோசல் மாற்றினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக லோரியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒன்றின் குறியீடு இன்னொன்றுக்கு வராது.

மே மாதம் ரவாங்கில் ஒரு சீனப் பெரியவரிடம் லோரியைக் கொண்டுபோனேன். முப்பது வருடத்துக்கு மேல் லோரி இன்ஜின் மட்டுமே பார்ப்பவர். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. டர்போவின் வாயை அடைத்து, காற்று வழிக்குள் கம்ப்ரஸரால் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப் கடித்த இடத்தில், நுரை பொங்கியது. விரலால் அமுக்கிக் காட்டினார். சும்மா இருக்கும்போது கிழிசல் உதடு மூடியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்று ஏறினால் மட்டும் வாய் திறக்கிறது. "ஹோஸ் கோயாக்", கிழிந்துவிட்டது என்றார், அவ்வளவுதான்.

டர்போ அமுக்கி அனுப்பிய காற்று அந்தக் கிழிசல் வழியாக வெளியே போயிருக்கிறது. பாரத்தில் டீசல் கூடுதலாக வரும், அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை, எரியாதது கறுப்புப் புகையாகிறது. காலி லோரியில் டர்போவுக்கு வேலை குறைவு, அதனால் தெரியவில்லை. கிழிசல் டர்போவுக்கு அப்புறம் இருந்தது என் நல்ல காலம். காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் கிழிந்திருந்தால் செம்மண் தூசி நேரே உள்ளே போய் உண்மையிலேயே இன்ஜினைத் தின்றிருக்கும். ஹோஸும் கிளிப்பும் 180 வெள்ளி. மாட்டியதும் கறுப்புப் புகை நின்றது.

நீலப் புகை நிற்கவில்லை. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றச் சொன்னேன், நானும் பக்கத்திலேயே நின்றேன். பெரியவர் என் கையைப் பிடித்து, கட்டை விரல் நகத்தை லைனரின் மேல் விளிம்பிலிருந்து கீழே இழுக்க வைத்தார். ஒரு இடத்தில் நகம் இடறியது. ரிங் ஏறி இறங்கித் தேய்த்த எல்லை அது. ஆறு வாரம் ஓடிய லைனரில் அது இருக்காது. டார்ச் அடித்தால் உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. புது லைனரில் கோணலாக ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் இருக்கும், எண்ணெய் நிற்பதற்கும் புது ரிங் படிவதற்கும் அவைதான் வேண்டும். ஒரு கோடு இல்லை. பழைய லைனரிலேயே, அந்தக் கோடுகளைப் போடும் ஹோனிங்கூடச் செய்யாமல், மலிவான ரிங்கை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். ரிங் படியவே இல்லை. நன்றாக இருந்த இன்ஜினை எண்ணெய் குடிக்க வைத்ததே அந்த ஓவர்ஹால்தான். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

நோசல்? 2022-ல் ஒரு நோசல் மாற்றியபோது, கிள்ளானில் வேலை செய்யும் என் அக்கா மகன் நான்கின் குறியீடுகளையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "மாமா, இதை அழிச்சிடாதீங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. பெரியவர் நோசல் தலைகளில் பொறித்திருந்ததை வாசிக்க, நான் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். நான்கும் அதே நான்கு. 5,800 வெள்ளிக்கு என் நோசலையே எனக்கு விற்றிருக்கிறார்கள்.

இந்த முறை உண்மையான லைனர் செட், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 7,900 ஆனது. கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் பெரியவர் கேட்காமலே ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். முதல் பட்டறையில் "பழசு எங்கே" என்று நான் கேட்டபோது "பழைய இரும்புக்காரன் எடுத்துட்டான்ணே" என்றார்கள். அந்தப் பதிலிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

பணத்தைத் திரும்ப வாங்க அலைந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போ என்றார்கள். 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் வீட்டுக்கும் சொந்த உபயோகத்துக்கும் வாங்கும் பொருள், சேவைக்குத்தான். தொழிலுக்கு ஓடும் லோரி அதில் வராது. குடும்பக் கார் என்றால் தாராளமாகப் போங்கள். எனக்கு இருந்த வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றம். வக்கீல் கடிதம் போனதும், இன்வாய்ஸும் குறியீட்டுப் படமும் ஒன்றாக இருந்ததால் நோசல் பணம் 5,800-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லைனருக்கு மட்டும் "நாங்க புதுசுதான் போட்டோம், அவர் ஓட்டின லட்சணம்" என்று நிற்கிறார்கள். முதலில் திறந்தபோது நான் அங்கே இல்லை, படமும் இல்லை. வக்கீல் பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால், முதலில் புகையின் நிறத்தைப் பார் என்பேன். கறுப்பு என்றால் காற்று வழி, நீலம் என்றால் எண்ணெய், சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். கறுப்புப் புகைக்கு ஹெட்டைக் கழற்று என்று சொல்பவரிடம் சோப்புத் தண்ணீர் சோதனை முடிந்ததா, கம்ப்ரெஷன் எண்கள் எங்கே, நோசலிலிருந்து திரும்பி வரும் டீசல் அளவை (ரிட்டர்ன்) பார்த்தாயா என்று கேளுங்கள். எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் லோரியை வெளியே எடுத்துவிடுங்கள், இழுவைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. வேலை தொடங்குவதற்கு முன் நோசல் குறியீடுகளை நீங்களே படம் எடுங்கள். இன்ஜின் திறக்கிற அன்று ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை, பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் யாருக்காவது இதே மாதிரி ஓவர்ஹால் ஆன பிறகு புகை நிற்கவில்லை என்றால், இன்வாய்ஸோடு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அக்கா மகன் மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கே வருகிறான், ஸ்கேனரும் கொண்டுவருவான். குறியீடுகளை வாசித்துப் பார்க்கக் காசு வேண்டாம்.