டெட்ராய்ட்டா, பிட்ஸ்பர்க்கா?

அமெரிக்கத் தொழில்நகர வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு:

பிழைப்பு: டெட்ராய்ட்டில் கார், பிட்ஸ்பர்க்கில் எஃகு.

கூலி: 1914இல் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததும் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் ஆலை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. ஜனவரிக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து விரட்டினார்கள். தாராளத்தின் இன்னொரு முகம்! பிட்ஸ்பர்க்கை அடுத்த ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892இல் தொழிற்சங்கத்தோடு மூண்ட கூலித் தகராறு துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது.

சரிவு: டெட்ராய்ட்டில் 1950இல் 18.5 லட்சம் பேர், 2020இல் 6.4 லட்சம், 2013இல் நகராட்சியே திவால். பிட்ஸ்பர்க்கும் பாதிக்கு மேல் இழந்தது. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கிப் பிடித்தன. ஹோம்ஸ்டெட் ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைகள், நடுவே 12 புகைபோக்கிகள்.

தொழிற்சங்கப் போரும் மீட்சியும் வேண்டுமா, பிட்ஸ்பர்க். தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவரின் வாழ்வும் இனப் பிளவும் புரிய வேண்டுமா, டெட்ராய்ட். என் ஓட்டு டெட்ராய்ட்டுக்கு.