குற்றால மெயின் அருவியா, பாபநாசம் அகஸ்தியர் அருவியா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரலும் குளிர்காற்றும் வேண்டுமென்றால் குற்றாலம்தான். தண்ணீர் உச்சியிலிருந்து நேரே தலையில் விழாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்தே இறங்கும். அதனால்தான் அடியில் நிற்க முடிகிறது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தாலோ, நிறம் செம்மண்ணாக மாறினாலோ உடனே வெளியேறுங்கள். மேலே மலையில் கனமழை என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், அதை நம்பாதீர்கள். எண்ணெய், சோப்புக்குத் தடை உண்டு.

மார்ச்சில் போகிறீர்களா? குற்றாலத்தில் வெறும் பாறையைத்தான் பார்க்கலாம். தாமிரபரணி ஓடும் அகஸ்தியர் அருவியில் அப்போதும் குளிக்கலாம். ஆனால் அது புலிகள் காப்பகம். வனத்துறை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். குரங்குத் தொல்லை இரண்டிலும் ஒன்றுதான்.